டினார்டோ கடை சீஸும் அறுபத்து மூன்று பதில்களும்

டினார்டோ கடையைப் பற்றி வெஸ்ட் வின்ட்சர் தமிழர்களிடம் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், சலவைக் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் இருந்த இத்தாலிய மளிகைக் கடை அது. முன்பக்கம் ஆலிவ் எண்ணெய், பாஸ்தா, டப்பாத் தக்காளி. பின்பக்கம் அடுப்பும் பீட்சாவும். நூற்று நாற்பது குடும்பங்கள் இருந்த மின்னஞ்சல் குழுவில் கோயில் கட்டுவதைப் பற்றி யாராவது எழுதினால் நாலு பேர் பதில் போடுவார்கள். டினார்டோ பீட்சாவைப் பற்றி எழுதினால் நாற்பது பேர் கிளம்பிவிடுவார்கள். அடிப்பாகம் முறுகல் தோசை மாதிரி நொறுங்குகிறது என்று ஒருவர் மெச்சுவார். பூண்டு போதாது என்பார் இன்னொருவர். கிழவர் சால் டினார்டோவிடம் சிரித்துக் கேட்டால் ஊறவைத்த மிளகாயைச் சும்மாவே தூவித் தருவார் என்று மூன்றாமவர் துப்புக் கொடுப்பார். எல்லாம் ஆண்கள் எழுதியவை. அவர்களில் ஒருவர் வீட்டில் ஒரு ரசமாவது வைத்திருந்தால் அதைத்தான் முதலில் செய்தியாகப் போட்டிருக்க வேண்டும்.

வசந்தாமணி எல்லாவற்றையும் படிப்பாள், ஒரு வரி எழுதமாட்டாள். அந்தப் பீட்சாவைப் பற்றி அவளுக்கு இருந்தது ஒரே அபிப்பிராயம்தான். அதை அவள் சமைக்க வேண்டியதில்லை.

திங்கள் முதல் வியாழன் வரை ஐந்து மணிக்கு எழுந்து, குழம்பும் பொரியலும் முடித்து, மூன்று டப்பா கட்டி, ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, திரும்பி வந்து மறுபடி அடுப்படியில் நிற்பாள். காலையில் செய்த பொரியல் ராத்திரிக்கு மகாதேவனுக்கு இறங்காது. ஃப்ரிட்ஜில் வைத்த சாதத்தைப் பார்த்தாலே முகம் சுளிப்பார். சனி, ஞாயிறு என்றால் யாராவது சாப்பிட வருவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மகாதேவன் ஆபீஸிலிருந்தே கடைக்குப் போன் செய்து, ‘இறைச்சி கிடையாதே?’ என்று கேட்டு, ‘கிடையாது’ என்று பதில் வாங்கி, இரண்டு பீட்சா சொல்லிவிடுவார். வசந்தாமணி வேலையிலிருந்து வருகிற வழியில் வாங்கிக்கொண்டு வருவாள். அந்த ஒரு சாயங்காலம்தான் அவள் சோபாவில் கால் நீட்டுகிற சாயங்காலம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், 1997-ல், ஒரு வெள்ளிக்கிழமை பீட்சா வெந்து வருவதற்குள் அவள் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த சீஸ் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டாள். பாலைத் திரிய வைக்க ரெனட் சேர்த்தது என்று போட்டிருந்தது. கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற பொருள் அது. மற்றவர்களுக்குப் புரியாமல் போகலாம். அவளுக்கு நொதிகளோடுதான் பிழைப்பே. அவளும் பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, இரண்டு பீட்சாவையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் செய்தது சரி என்று யாரும் சாதிக்கப் போவதில்லை. அவளே சாதிக்கவில்லை. அன்றைக்கு முதல் துண்டை வாய் வரை கொண்டுபோய் மறுபடி தட்டில் வைத்தாள். சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் விழுங்கினாள்.

இந்த வருடம் அக்டோபரில், ஒரு திங்கட்கிழமை, குழுவின் தலைவரான சேனாபதிக்கு யாரோ ரெனட்டைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மனிதர் நேரே கடைக்குப் போய், சீஸ் டப்பாவை வாங்கிப் பார்த்து, வாடிக்கையாளர்கள் நடுவில் சால் டினார்டோவை ஏமாற்றுக்காரன் என்று கத்திவிட்டு வந்து, ‘அவசரம்: நாம் ஏமாற்றப்பட்டோம்’ என்று மின்னஞ்சல் போட்டார். ஒரே நாளில் அறுபத்து மூன்று பதில்கள். போன மாதம் வரை முறுகல் தோசை என்று மெச்சியவர், அந்தக் கடையில் எப்போதுமே ஒரு வாடை அடிக்கும் என்று எழுதினார். வழக்குப் போடலாம் என்றார் ஒருவர். இறைச்சி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்று கிழவர் உள்ளதைச் சொன்னார். சீஸ் எப்படித் திரிகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. இது அறுபத்து மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் சேனாபதி தீர்வும் சொன்னார். இனி வெள்ளிக்கிழமைகளில் நம் வீட்டுப் பெண்களே சுத்த சைவ பீட்சா செய்யலாம். செய்முறையையும் அனுப்பியிருந்தார். மாவைப் பதினைந்து நிமிடம் அடித்துப் பிசையவும். இரண்டு மணி நேரம் மூடி வைக்கவும். மறுபடி பிசையவும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வசந்தாமணி வேலையிலிருந்து வந்தபோது அந்தச் செய்முறை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. மகாதேவன் அழகாக அச்செடுத்து, நாலு மூலையிலும் காந்தம் வைத்திருந்தார்.

“வசந்தா, வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எட்டு லேடீஸ் நம்ம வீட்டுக்கு வர்றாங்க. நீதான் ஃபர்ஸ்ட் டெமோ பண்ற. நான் கமிட் பண்ணிட்டேன்.”

“யாரக் கேட்டு கமிட் பண்ணீங்க?”

“இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? உனக்குக் கை நல்லா வரும்னு எல்லாருக்கும் தெரியும். க்ரூப்ல போட்டுட்டேன், நீ சந்தோஷமா ஒத்துக்கிட்டன்னு.”

அவள் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. சந்தோஷமாக என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டுத்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வயது மகள் ஹம்சினி மேஜையிலிருந்து தலை தூக்காமல், “கேன் வி ஜஸ்ட் ஹாவ் சீரியல் ஆன் ஃப்ரைடேஸ்?” என்று கேட்டாள். பாலில் தானியத்தைக் கொட்டிச் சாப்பிட்டுவிடலாம் என்ற அதுதான் அந்த வீட்டில் அன்று பேசப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான யோசனை. மகாதேவன் காதில் வாங்கவில்லை.

“அந்த சீஸ்ல என்ன இருக்குன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்,” என்றாள் வசந்தாமணி.

“ஜோக் பண்றியா?”

“இல்ல. டப்பால போட்டிருந்தது, படிச்சேன். படிச்சுட்டுதான் வாங்கிட்டு வந்தேன்.”

மகாதேவனின் கை தானாக வாயைப் பொத்தியது. “தெரிஞ்சே எனக்கு அதக் குடுத்தியா? ரெண்டு வருஷமா?”

“நானும்தான் சாப்பிட்டேன்.”

“நான் ஒவ்வொரு வாட்டியும் போன்ல கேட்டிருக்கேன். நோ மீட்னு கேக்காம ஒரு நாள் ஆர்டர் பண்ணதில்ல.”

“கடைக்காரர்கிட்ட கேட்டீங்க. என்கிட்ட ஒரு தடவ கேட்டீங்களா? லேப்ல எட்டு வருஷமா நான் என்ன வேலை பாக்கறேன்னு கேட்டிருந்தாலே தெரிஞ்சிருக்கும். என்சைம் வேலைங்க. அந்த ரெனட்டும் ஒரு என்சைம்தான்.”

“இப்ப என்ன, என் மேல தப்புங்கறியா?”

“நான் பண்ணது தப்புதான். ஏன் பண்ணேன்னு கேளுங்க.”

அவர் கேட்கவில்லை. மாடிக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு இறங்கி வந்தார். வந்தவர் அவளைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைப் பார்த்துச் சொன்னார். “இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா அசிங்கம். வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுங்காப் பண்ணிக் குடுத்துடு.”

அவர் திட்டியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். பட வேண்டியதுதான் என்று தலை குனிந்திருப்பாள். குற்றம் வெளியே தெரியக்கூடாது, தண்டனை மட்டும் வாராவாரம் மாவு பிசைவது என்று அவர் முடித்துவிட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆய்வுக்கூடக் கணினியில் உட்கார்ந்து, ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, குழுவுக்கு அவள் தன் முதல் மின்னஞ்சலை எழுதினாள்.

‘நான் மகாதேவன் மனைவி. அந்த சீஸில் ரெனட் இருப்பது எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். தெரிந்தே என் கணவருக்கும் மகளுக்கும் கொடுத்தேன். அது தப்பு. வாரத்தில் ஒரு நாளாவது சமைக்காமல் இருக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. டினார்டோ நம்மை ஏமாற்றவில்லை. வெள்ளிக்கிழமை டெமோவுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை. சுத்த சைவம் வேண்டும் என்பது நியாயம்தான். அதை விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை தங்கள் கையாலேயே மாவு பிசையட்டும்.’

இரண்டாவது தடவை படித்தால் அனுப்பமாட்டோம் என்று தெரிந்ததால் படிக்காமலே அனுப்பினாள்.

அன்று முழுக்க ஒரு பதிலும் வரவில்லை. ஆனால் வியாழக்கிழமை மாலை, மகாதேவன் வீடு திரும்புவதற்குள், போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் ஒருத்தி, “எனக்கும் தெரியும் வசந்தா, என் அண்ணி போன வருஷமே சொன்னா,” என்றாள். இரண்டாமவள் மூன்று வருடமாகத் தெரியும் என்றாள். ஐந்தாவது போன் தனபாக்கியம் அக்கா. சேனாபதியின் மனைவி.

“நாலு வருஷமாத் தெரியும்மா எனக்கு,” என்றாள் மெதுவாக. “வாராவாரம் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுதான் சாப்பிடுவேன். நீ எழுதினதப் படிச்சு அழுதுட்டேன்.”

“அப்ப இத க்ரூப்ல எழுதுங்கக்கா. ஒரே ஒரு லைன் போதும்.”

“அது எப்படிம்மா. அவர் படிப்பாரே.”

“அவர் படிக்கணும்னுதான் சொல்றேன்.”

“உனக்கென்ன, மகாதேவன் தங்கமான மனுஷன். எங்க வீட்டுல அப்படியா? என் பேர மட்டும் எங்கயும் சொல்லிடாத.”

வசந்தாமணி போனை வைத்துவிட்டு, அது மறுபடி அடித்தபோது எடுக்கவில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை அந்த மின்னஞ்சலைப் படித்ததிலிருந்து மகாதேவன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். டெமோவை அவர் ரத்து செய்வார் என்று நினைத்தாள். யாரும் வரமாட்டார்கள் என்றும் நினைத்தாள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் எட்டு பேர். கணவன்மார் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு கிண்ணம், மேலே அலுமினியத் தாள் மூடியிருந்தது. மாவைப் பிசைந்து, இரண்டு மணி நேரம் ஊறவைத்தே கொண்டுவந்திருந்தார்கள். போனில் பேசிய ஐந்து பேரும் அதில் இருந்தார்கள். முன்னால் நின்ற தனபாக்கியம் அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல், “செருப்ப இங்கயே விடலாமாம்மா?” என்று கேட்டாள்.

ஒரு கணம் வசந்தாமணிக்குக் கிண்ணங்களையெல்லாம் பிடுங்கி வாசலில் வீசலாம் போல இருந்தது. பின்னாலிருந்து மகாதேவன், இரண்டு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக, விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் குரலில் வாயைத் திறந்தார்.

“வாங்க வாங்க. வசந்தா, எல்லாரையும் கிச்சனுக்குக் கூட்டிட்டுப் போ.”

அவள் வழி விட்டு ஒதுங்கினாள். எட்டு பேரும் வரிசையாக உள்ளே போனார்கள். கடைசியாக வந்தவள் சமையலறைக்குள் நுழைந்ததும் வசந்தாமணி ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்தாள்.

“எங்க போற?”

“சாப்பிடறதுக்கு. ஓவன எப்படி ஆன் பண்றதுன்னு காட்டிக் குடுங்க. நானூத்தம்பது டிகிரி.”

“வசந்தா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அவங்களுக்கெல்லாம் தெரியாதது எதுவும் இதுல இல்ல.”

சமையலறையிலிருந்து யாரும் கூட வரவில்லை. அவள் காரைக் கிளப்பியபோது, ஜன்னல் வழியாக, மகாதேவன் ஓவன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

டினார்டோ கடையில் கூட்டம் இல்லை. சால் அவளைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. இவளும் சத்தம் போட வந்திருக்கிறாளா என்று கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவளுக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த கோபத்தில் ஒரு நல்ல வார்த்தையும் வரவில்லை. சீஸ் போடாமல், தக்காளியும் பூண்டும் மட்டும் போட்டு ஒன்று தர முடியுமா என்று கேட்டாள். ஏன் முடியாது, என் அம்மா செய்ததே அப்படித்தான், இத்தனை வருடத்தில் உங்கள் ஆட்களில் ஒருவரும் கேட்டதில்லையே என்றார் அவர்.

கடையில் இருந்த ஒரே மேஜையில், அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு அவள் தனியாகச் சாப்பிட்டாள். நாக்கு சுட்டது. நிறுத்தவில்லை. நாலு துண்டு முடித்து ஐந்தாவதை எடுத்தபோது சால் பழக்க தோஷத்தில் ஒரு அட்டைப் பெட்டியை மடிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள் வசந்தாமணி.