செனாய்தாவின் ஜாடி

மூன்றாவது குழியிலும் ஜாடி இல்லை என்றதும் தௌரினோ தலையில் கை வைத்துக்கொண்டான். பார்த்தவர்கள் பாவம், மனுஷன் எப்படித் தவிக்கிறான் என்று நினைத்தார்கள். அவனுக்கோ வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பெண் கேட்டு வந்தவர்கள் முற்றத்தில் வேப்பங்காய் தின்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ரியோ ஓந்தோ ஊரிலிருந்து இரண்டு லாரி நிறைய ஆட்கள். கூடை கூடையாக ரொட்டி, சாக்லேட், காலைக் கட்டிப்போட்ட நான்கு வான்கோழிகள், இடுப்புயர மெழுகுவத்திகள் என்று அவர்கள் பங்குக்கு எல்லாவற்றையும் முறைப்படி கொண்டுவந்து இறக்கியாகிவிட்டது. இனிப் பெண் வீட்டார் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பெண் பிறந்த வருஷம் அப்பன் தன் கையால் காய்ச்சிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி மண்ணில் புதைத்த மெஸ்கால் என்ற கற்றாழைச் சாராயத்தைத் தோண்டி எடுத்து, பையனைப் பெற்றவருக்கு முதல் குடுக்கை நீட்ட வேண்டும். அவர் குடித்துவிட்டுத் தலையாட்டினால் கல்யாணம். ஜாடி இத்தனை வருஷம் எப்படி இருந்ததோ அப்படித்தான் அந்த வீடும் இருந்திருக்கும் என்பது அந்த மலைக்காரர்களின் நினைப்பு. அதை யாராலும் மாற்ற முடியாது.

தௌரினோவின் மகள் செனாய்தாவுக்கு வயது இருபத்தாறு. ஜாடிக்கும் அதே வயதுதான். அந்த இருபது லிட்டர் ஜாடியில் கால்வாசி கிணற்றுத் தண்ணீர் என்பது தௌரினோவுக்கு மட்டும் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், செப்டம்பர் மழையில், அவன் மாமனார் செத்துப்போனார். ஒரு வாரமாக விடாத மழை. மண் சரிந்து சாலை அடைத்துக்கிடந்தது. கற்றாழை சுடும் குழியில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அவன் வீட்டில் மட்டுமல்ல, ஊரிலேயே ஒரு சொட்டு மெஸ்கால் இல்லை. சேற்றில் நடந்து துக்கத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு குடுக்கை கூடக் கொடுக்காமல் கிழவரைப் புதைப்பதாவது! மனைவி தெல்பினா அப்பனின் காலடியில் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க தௌரினோவுக்கு மனசு கேட்கவில்லை. எல்லோரும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த மதிய நேரம் பார்த்து எலுமிச்சை மரத்தடியைத் தோண்டி, மகளின் ஜாடியிலிருந்து ஐந்து லிட்டர் இறக்கி, பக்கத்து ஊர் நண்பன் கொடுத்தான் என்று கொண்டுவந்து வைத்தான். ஜாடி தோள்வரை நிறைந்திருக்க வேண்டும் இல்லையா? கிணற்றில் இறைத்து ஊற்றி, வெள்ளைச் சோளத் தக்கையை அடைத்து, மறுபடி மூடிவிட்டான்.

வரும் பருவத்தில் சரிசெய்துவிடலாம் என்று அன்றைக்கு நினைத்தான். ஆனால் சரிசெய்வதற்கு அதைத் தோண்ட வேண்டும். தோண்டினால் பார்க்க வேண்டும். பார்க்கத் தெம்பில்லாமலே பன்னிரண்டு பருவம் ஓடிவிட்டது. பாறைமேல் ஏறி முள்கற்றாழையை வெட்டிச் சாய்க்கிறவனுக்கு ஒரு கண்ணாடி ஜாடியைப் பார்க்கப் பயம்.

போகட்டும், வந்த சம்பந்தியாவது சாதாரண ஆளா என்றால் அதுவும் இல்லை. தோன் நபோர் நாற்பது வருஷமாகக் காய்ச்சுகிறவர். ஒருமுறை திருவிழாவில் யாரோ நீட்டியதை ஒரு வாய் வைத்துவிட்டு, "பாத்திரம் கழுவுன தண்ணிய எதுக்குப்பா கீழ ஊத்தாம வச்சிருக்க?" என்று கேட்டார். காய்ச்சியவன் அதற்குப் பிறகு அந்தத் திருவிழாப் பக்கமே தலைகாட்டவில்லை. அந்த நாக்குக்கு முன்னால்தான் இன்றைக்கு ஜாடியைத் திறக்க வேண்டும்.

அதனால்தான் தௌரினோ காலையிலிருந்து வேண்டுமென்றே தப்பான இடங்களில் தோண்டிக்கொண்டிருந்தான். பூகம்பத்தில் பழைய சுவர் விழுந்ததில் அடையாளம் எல்லாம் போய்விட்டது என்று கோழிக்கூண்டுப் பக்கம் ஒரு குழி, கொய்யாவுக்குக் கீழே ஒன்று, வாசலை ஒட்டி ஒன்று.

"சம்பந்தி, ஜாடியத் தேடுறீங்களா, கெணறு வெட்டுறீங்களா?" என்றார் தோன் நபோர்.

முற்றமே சிரித்தது. கிணறு என்ற சொல்லைக் கேட்டதும் தௌரினோவுக்கு முதுகில் வேர்த்தது. மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, ஜாடி பூகம்பத்தில் உடைந்து மண்ணோடு போயிருக்கும் போல, போன வருஷம் காய்ச்சியது நல்லதாக இருக்கிறது, அதுவும் இதே கைதானே என்று இழுத்தான். தோன் நபோர் தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்துக்கொண்டார். கூட வந்திருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சமையல்கட்டு வாசலில் செனாய்தா நின்றிருந்தாள். அவள் அழவில்லை. அப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் ஜாடியைக்கூடப் பத்திரமாக வைக்கத் தெரியவில்லையா உனக்கு என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. இவ்வளவு நேரம் தன் மானத்தைக் காப்பாற்றத்தான் குழி வெட்டிக்கொண்டிருந்தோம், மகளுடையதை அல்ல என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தண்ணீர் கலந்த ஜாடி அவனுக்கு அவமானம். ஜாடியே இல்லை என்றால் அவமானம் அவளுக்கு.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக எலுமிச்சை மரத்தடிக்குப் போனான். வருவது வரட்டும் என்று வெட்டினான். முழங்கால் ஆழம் போயிற்று, இடுப்பாழமும் போயிற்று. கண்ணாடியில் இடிக்கும் சத்தம் மட்டும் வரவில்லை. கையால் துழாவிப் பார்த்தான். வெறும் மண்.

இப்போதுதான் அவனுக்கு உண்மையிலேயே தலை சுற்றியது. இதுவரை போட்டதெல்லாம் நாடகம். இது நிஜம். ஜாடியைக் காணோம்.

"யோவ், அங்க எதுக்குத் தோண்டுற?"

தெல்பினா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகராதவள். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காலால் தட்டிக் காட்டினாள். சுவர் விழுந்த வருஷம், மிச்சச் சுவரும் இடிந்து ஜாடிமேல் விழுமே என்று தானே எடுத்து மாற்றி வைத்ததாகவும், கேட்டிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பேன் என்றும், ஆம்பளைகள் வழி கேட்டதாகச் சரித்திரம் உண்டா என்றும் வந்திருந்த பெண்களைப் பார்த்துச் சொன்னாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மாப்பிள்ளைப் பையன் எலிசேயோவே இறங்கித் தோண்டினான். இரண்டடியில் ஜாடி வந்தது. பச்சைக் கண்ணாடி, தோள்வரை நிறைந்து, மண்ணைத் துடைத்ததும் வெயிலில் மின்னியது. தௌரினோவின் கண் முதலில் போனது மூடிக்குத்தான். அவன் அடைத்தது வெள்ளைச் சோளத் தக்கை. இதில் இருந்தது சிவப்புத் தக்கை. சுற்றி நீலப்பூப் போட்ட துணிக்கிழிசல், மேலே தேன்மெழுகு. அந்த நீலப்பூவை எங்கேயோ பார்த்த ஞாபகம். இடம் மாற்றும்போது புதுசாக அடைத்திருக்கிறாள் போலும். அப்படியென்றால் திறந்திருக்கிறாள். திறந்தாளென்றால் மோந்திருப்பாளே? அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் துணிவில்லை.

தோன் நபோர் தொப்பியின் பட்டைக்குள்ளிருந்து தன்னுடைய நாணல் குழலை எடுத்தார். அடுத்தவர் குழலில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. குழலை ஜாடிக்குள் விட்டு உறிஞ்சி, விரலால் அடைத்து, உயரத்திலிருந்து சுரைக்குடுக்கைக்குள் விட்டார். நல்ல சரக்கென்றால் குடுக்கையில் முத்து முத்தாகக் குமிழ் கட்டி நிற்க வேண்டும். தண்ணீர் மிஞ்சியிருந்தால் சோப்பு நுரை மாதிரி பெரிதாக எழும்பி, கண் இமைப்பதற்குள் உடைந்துவிடும். தௌரினோ கண்ணை மூடிக்கொண்டு மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டான். சத்தம் ஒன்றும் வராததால் அதை ஆள் உயர மெழுகுவத்தியாக்கினான்.

கண்ணைத் திறந்தபோது குடுக்கையின் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன முத்துகள், கோத்து வைத்த மணி மாதிரி நெருக்கமாக நின்றன. தோன் நபோர் குடுக்கையை ஆட்டினார். அப்போதும் நின்றன. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துச் சப்புக்கொட்டினார். அப்போதும் நின்றன.

ஐந்து லிட்டர் கிணற்றுத் தண்ணீர் எங்கே போயிற்று? முப்பது வருஷம் காய்ச்சியவனுக்குத் தெரியும், தண்ணீர் அப்படியெல்லாம் போகாது.

தோன் நபோர் பூமிக்கு நாலு சொட்டு விட்டுவிட்டுக் குடித்தார். வாயிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். வான்கோழிகளில் ஒன்று குரல் கொடுத்தது. யாரோ அதை அதட்டினார்கள். பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்.

"இதுல ரெண்டு இருக்கு."

குடுக்கையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணு தோட்டத்துக் கத்தாழ. பழசு, அதுல சந்தேகமே இல்ல. இன்னொண்ணு பாறையில மொளைக்கிற காட்டுக் கத்தாழ. அதுக்கு இவ்ளோ வயசு கெடையாது. ஒரே ஆளு போட்ட சரக்கு இல்ல இது, சம்பந்தி."

தௌரினோ எழுந்தான். சொல்லிவிடுவது என்று முடிவுசெய்துவிட்டான். என் மாமனார் சாவுக்கு எடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன், என் மகள்மேல் தப்பில்லை. சொற்கள் வரிசையாகத் தொண்டைக்குழிவரை வந்துவிட்டன.

"சம்பந்தி, நான் வந்து..."

"ரெண்டு பேரு போட்டதுதான்," என்றாள் தெல்பினா. "அப்பன் போட்டது ஒண்ணு, ஆத்தா போட்டது ஒண்ணு. ஏன், எம்பொண்ண அப்பன் மட்டுமா பெத்தான்?"

முதலில் சிரித்தது ரியோ ஓந்தோவிலிருந்து வந்த பெண்கள்தான். பிறகு ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். தோன் நபோர் மட்டும் சிரிக்கவில்லை. தெல்பினாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். குடுக்கையில் மீதியிருந்ததையும் குடித்தார். வெறும் குடுக்கையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினார்.

"எங்க வீட்ல மூணு பொண்ணு. மூணு ஜாடியும் நாந்தான் போட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இப்பிடி இல்ல." குடுக்கையை மறுபடி நீட்டினார். "ஊத்துங்க சம்பந்தி. ஏன் நிக்கிறீங்க? கல்யாணத் தேதிய ஒக்காந்து பேசுவோம்."

தௌரினோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊற்றினான். தனக்கும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டான். முதலில் வந்தது இருபத்தெட்டு வயதில் அவனே காய்ச்சியது. அன்றைக்கு நெருப்பாக இருந்தது, இப்போது உரசாமல் உருண்டு போயிற்று. அதன் பின்னாலேயே பச்சை மிளகாயும் மழையில் நனைந்த கல்லும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் எழும்பியது. அந்த வாசம் எந்த மலைச்சரிவுடையது என்று அவனுக்குத் தெரியும். செத்துப்போன மாமனாரின் சரிவு. அதில் நின்ற கடைசிக் காட்டுக் கற்றாழைகளை எட்டு வருஷத்துக்கு முன்னால் தெல்பினா தானே ஆள் வைத்து வெட்டி, தானே அடுப்பெரித்துக் காய்ச்சினாள். எங்கே வைத்தாய் என்று அவன் கேட்டதற்கு வித்துவிட்டேன் என்றிருந்தாள்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு துவைக்கிற கல்லடியில் அவளைப் பிடித்தான். கை கழுவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணி பழசு. நீலப்பூப் போட்டது. ஓரத்தில் ஒரு பட்டை கிழிந்திருந்தது.

"தெல்பினா, ஒண்ணு சொல்லணும்."

"பன்னெண்டு வருஷம் கழிச்சா?"

அவள் தண்ணீரை உதறினாள். அப்பனைக் கிடத்தியிருந்த அன்றைக்கே தெரியும் என்றாள். பக்கத்து ஊர் நண்பன் கொடுத்தான் என்று நீட்டினானே, முதல் வாயிலேயே அது செனாய்தாவின் ஜாடி என்று தெரிந்துவிட்டதாம். காய்ச்சுகிறவன் மகளுக்கு, காய்ச்சுகிறவன் பெண்டாட்டிக்கு, இதுகூடத் தெரியாதா? பிறகு அவன் ஒரு வாரம் மலைக்குக் கற்றாழை வெட்டப் போன சமயம் ஜாடியைத் தோண்டி, தண்ணீர் கலந்ததில் எட்டு லிட்டர் இறக்கிவிட்டு, அப்பன் சரிவில் காய்ச்சியதில் காட்டமான முதல் வடியை எடுத்து, முத்து நிற்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறாள்.

"எறக்குன எட்டு லிட்டர என்ன பண்ண?"

"நீதான் குடிச்ச. ஒரு பருவம் முழுக்க, இந்த வருஷம் சரக்கு சவசவன்னு இருக்கு, அடுப்பு சரியில்லன்னு என்னைத் திட்டித் திட்டிக் குடிச்சியே, மறந்துட்டியா?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் பொங்கியது. துடைக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கினால் மனுஷன் அழத்தான் செய்வான்.

"ஏன் ஒரு வார்த்த சொல்லல நீ?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஒவ்வொரு பருவமும் பாத்தேன்." கொஞ்சம் கோபம் இன்னும் பாக்கியிருந்தது, அது குரலில் கேட்டது. பிறகு அதுவும் போயிற்று. "ஆனா நீ யாருக்கு எடுத்த? எங்கப்பனுக்குத்தான எடுத்த. அவரு கடன் வைக்கிற ஆளு இல்லய்யா. வாங்குனத அவரு சரிவுலேர்ந்தே பேத்திக்குத் திருப்பிக் குடுத்துட்டாரு."

முற்றத்திலிருந்து தோன் நபோரின் குரல் வந்தது. ஜாடிக்குப் பக்கத்தில் உட்காரப் பெண்ணின் அம்மா வரவேண்டுமாம், இனிப் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைகளுக்கும் இரண்டு பேர் சேர்ந்து ஜாடி போடுவது எப்படி என்று அந்த அம்மாவிடமே கேட்க வேண்டுமாம். தெல்பினா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கிளம்பினாள். இரண்டடி போய்த் திரும்பி, சாய்த்து வைத்திருந்த மண்வெட்டியைக் காட்டினாள்.

"அழுதது போதும். போயி நீ வெட்டுன நாலு குழியயும் மூடு. சம்பந்தி ரெண்டு குடுக்க உள்ள எறக்கியிருக்காரு, விழுந்து வைக்கப் போறாரு."

தௌரினோ சரி என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டான். எலுமிச்சை மரத்தடிக் குழியைக் கடைசிக்கு விட்டான். அதை மட்டும் காலால் மிதித்து, நன்றாகக் கெட்டித்து மூடினான்.