பாதியில் நின்ற ஜெபம்

பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அந்த மனிதர் ஜெபிக்க ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தால் அது கொதித்து வற்றியே போகும், அவர் இன்னும் ஸ்தோத்திரத்தில்தான் இருப்பார் என்று சபைப் பெண்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அப்பேர்ப்பட்டவர் அன்று காலை பாஸ்டர் வீட்டு உபவாசக் கூட்டத்தில், முப்பது பேர் கண்ணை மூடி முழங்காலில் நிற்க, வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார்.

"ஆண்டவரே, பஸ் ஓட்டியே என் காலம் போகுதே. வயித்துப்பாட்டுக்கு ஓடினது போதும். இந்தக் கைகளை உம்முடைய ஊழியத்துக்கு..."

கைகள் என்றதும் காலையில் அவை செய்த வேலைகள் கண்முன் வந்தன. பள்ளி வாசலில் கதவைத் திறந்தார். பிள்ளைகள் திமுதிமுவென்று இறங்கினார்கள். பஸ்ஸை மைதானத்தில் நிறுத்தினார். ஜன்னல்களை மூடினார், பூட்டினார். இடையில் ஒன்று விட்டுப்போயிருந்தது. தினமும் கடைசி வரிசை வரைக்கும் நடந்து, ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்ப்பார். இன்று பார்க்கவில்லை. கூட வரும் ஆயா லீவு. ஜெபத்தை நடத்தப்போவது நீங்கள்தான் என்று பாஸ்டர் சொல்லியிருந்ததால் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைசி வரிசையில்தான் தூங்குமூஞ்சி உட்காரும். அப்படித்தான் அவர் அந்த ஒன்றாம் வகுப்புப் பெண்ணைக் கூப்பிடுவார். வாரத்தில் நாலு நாள் அதை உலுக்கித்தான் எழுப்ப வேண்டியிருக்கும். இன்று அது இறங்கியதைப் பார்த்தாரா? பார்த்த மாதிரியும் இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

ஜெபத்தை முடித்துவிட்டே போய்ப் பார்க்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கக்கேடுதான், ஆனால் தோன்றியது. பிறகு எழுந்துவிட்டார்.

"என்ன பிரதர், உடம்புக்கு ஏதாவது...?" என்றார் பாஸ்டர்.

"பஸ்ஸைப் பார்க்கணும்."

கூட்டத்தில் இருந்த டிரைவரின் மனைவிக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்னங்க இது, எல்லாரும் பார்க்கிறாங்க," என்று பல்லைக் கடித்தாள். அதைக் கேட்க அவர் அங்கே இல்லை.

செருப்புகூடப் போடாமல் ஓடினார். நடந்தால் பத்து நிமிட தூரம். வெயில் அதற்குள் ஏறியிருந்தது. மைதானத்தில் ஒற்றை நிழல் கிடையாது. பஸ்ஸை எட்டியதும் பாக்கெட்டில் கைவிட்டார். சாவி இல்லை. பைபிளோடு பையில் போட்டு பாஸ்டர் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"தூங்குமூஞ்சி! ஏ தூங்குமூஞ்சி!"

கண்ணாடியை அறைந்தார். உள்ளங்கை சுட்டது. ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன, எம்பிப் பார்த்தும் சீட்டுகளின் முதுகுதான் தெரிந்தது. பதில் சத்தம் எதுவும் வரவில்லை. குனிந்து ஒரு கல்லை எடுத்துவிட்டார்.

"நில்லுங்க!" மனைவி பையோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள். "பஸ்ஸைப் பார்க்கணும்னா சாவி வேண்டாமா? புத்தி எங்கே போச்சு உங்களுக்கு?"

திட்டிக்கொண்டே அவள்தான் பூட்டைத் திறந்தாள். அவர் கல்லைக் கீழே போட்டார்.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. கடைசி வரிசையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது. முதுகில் பை, மடியில் கை. தலைமயிர் வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. உதடு காய்ந்திருந்தது.

அவர் தூக்கிக்கொண்டு இறங்கினார். மனைவி டிரைவர் சீட்டருகே இருந்த பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, முந்தானையை நனைத்துக் கழுத்தைத் துடைத்தாள். இரண்டாவது மடக்கில்தான் முகம் தெளிந்தது.

"ஏம்மா, கத்தலையா நீ? ஜன்னலைத் தட்டலையா?"

"எதுக்கு அங்கிள்? நீங்கதான் தினமும் வந்து பார்ப்பீங்களே. அதான் உக்காந்திருந்தேன்."

அவர் நின்ற இடத்திலேயே மண்டியிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதார்.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "ஆண்டவர் காப்பாத்திட்டாருங்க. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டு ஸ்கூல்ல விட்டுடலாம். வெளியே சொன்னா வேலை போயிடும்."

போகும் என்பது அவருக்கும் தெரியும். ஆறு வருஷம் சலிப்போடு குனிந்து குனிந்து பார்த்த பார்வையை நம்பி ஒரு குழந்தை அனலில் பேசாமல் காத்திருந்திருக்கிறது. ஊழியம் கொடும் என்று நாள்தோறும் கெஞ்சியவர், தன்னிடம் எப்போதோ கொடுக்கப்பட்டது இதுதான் என்று இப்போதுதான் கண்டுகொண்டார். கண்டுகொண்ட அன்றைக்கே அது கைவிட்டுப் போகப்போகிறது. வலித்தது. ஆனாலும், எத்தனை மணி நேரம் முழங்காலில் நின்றும் வராத ஒரு நிறைவு அந்த வலிக்குள்ளேயே இருந்தது. அதை அவர் யாரிடமும் விளக்க முயலவில்லை.

"நீ பாப்பாவைத் தூக்கிக்கோ, ஆட்டோ பிடிக்கலாம்," என்றார். டிரைவர் சீட்டுக்கு மேலே ஒட்டியிருந்த பட்டியலில் பிள்ளையின் அம்மா நம்பரைத் தேடி அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, பஸ் டிரைவர் பேசுறேன். பாப்பா கண் திறந்து பேசிட்டிருக்கா, பயப்படாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். இன்னைக்கு நான் பார்க்காம பூட்டிட்டேன்மா."