நான்காவது பதினைந்து

கரிசலூரில் பிள்ளைகளுக்கு வயதை ஏற்றுவது பள்ளிக்கூடம். ஒரு வகுப்பு பாஸானால் ஒரு வயது. ஃபெயிலானால் போன வருஷத்து வயதையே இன்னும் ஒரு வருஷம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் பாஸ் என்பதால் அதுவரை பிள்ளைகள் தடங்கலில்லாமல் வளர்ந்தார்கள். பத்தாம் வகுப்பில், அதாவது பதினைந்தில்தான் கூட்டம் தேங்கும்.

செண்பகவல்லிக்கு இது நான்காவது பதினைந்து. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் அவளை வளர விடவில்லை. அவள் மாமா சொரிமுத்துவும் பதினைந்தில் நின்றுபோனவர்தான். மீசை நரைத்துவிட்டது. பிரஷர் மாத்திரை வாங்கப் போனால், "பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வா தம்பி" என்று கடைக்காரர் திருப்பி அனுப்புவார். மாமா சமர்த்தாகப் போய், போன வருஷம் பன்னிரண்டு பாஸாகிப் பெரியவனாகிவிட்ட எதிர்வீட்டுப் பையனைக் கூட்டி வருவார்.

அந்த ஜூனில் தங்கை கோமதியும் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். ரேஷன் கார்டில் இருவரையும் இரட்டைப் பிள்ளைகள் என்று திருத்திக் கொடுத்தார்கள். ஒரு பிரசவம் குறைந்ததில் அம்மாவுக்குச் சந்தோஷம்.

இரட்டையாக இருப்பதில் செண்பகத்துக்கு ஒன்றும் குறையில்லை. அடுத்த ஜூனில் தங்கையை அக்கா என்று கூப்பிட நேருமே, அதுதான் நெஞ்சை அறுத்தது. மூக்கு ஒழுகத் திரிந்தவளை இடுப்பில் தூக்கிச் சுமந்தது யார்? அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே பட்டம் அக்கா. அதையும் பிடுங்கினால் எப்படி?

பரீட்சைக்கு முந்தின நாள் கோமதி மெதுவாகக் கேட்டாள். "நான் வேணும்னா கணக்குல வெறும் பேப்பரக் குடுத்துட்டு வந்துரட்டாக்கா?"

"நீ ஃபெயிலாயிதான் நான் அக்காவா இருக்கணுமாக்கும்? ஒழுங்கா எழுது."

கணக்குத் தாளில் ஐந்து மார்க்குக்கு ஒரு கேள்வி. 'அக்காவின் வயது 15, தங்கையின் வயது 12. மூன்று ஆண்டுகளுக்குப் பின் இருவர் வயதின் கூடுதல் என்ன?'

செண்பகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அவளுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று பரீட்சைக்கு வந்திருந்தது. அக்காவுக்கு 15, தங்கைக்கு 15, கூடுதல் 30 என்று எழுதி அடிக்கோடு போட்டாள். வழிமுறைக்கும் மார்க் உண்டு என்பார்களே என்று, 'ஆதாரம்: எங்கள் ரேஷன் கார்டு' என்றும் சேர்த்தாள்.

ரிசல்ட் வந்தது. கோமதி பாஸ். செண்பகத்துக்குக் கணக்கில் முப்பது. பாஸாக முப்பத்தைந்து வேண்டும். விடைத்தாள் நகலை எடுத்துக்கொண்டு கணக்கு டீச்சர் ஜெபசெல்வியிடம் போனாள்.

"விடை முப்பத்து மூணு செண்பகம்."

"எங்க வீட்டுல முப்பதுதான டீச்சர் வந்துச்சு?"

"அது உங்க வீடு. கணக்குல வர்ற அக்கா ஃபெயிலாக மாட்டா."

எந்த ஊர்க்காரியோ, அந்த அக்காமேல் செண்பகத்துக்குப் பொறாமையாக இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது கோமதிக்குப் பதினாறு ஆகியிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். செண்பகம் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள்.

"சாப்ட்டியாக்கா?" என்றாள்.

"ம்," என்றாள் கோமதி. அழுகையை அடக்கிக்கொண்டு, அக்கா செய்ய வேண்டியதைச் செய்தாள். தனக்கு இறுக்கமாகிப்போன யூனிஃபார்ம் சுடிதாரைத் துவைத்து மடித்துத் தங்கையிடம் நீட்டினாள். போன ஜூனில், தனக்கு இறுக்குகிறது என்று செண்பகமே அவளுக்குக் கொடுத்த சுடிதார்தான் அது.

செண்பகம் போட்டுப் பார்த்தாள். தோள் தொங்கியது. சுடிதாரின் கை விரல்நுனி வரை வந்தது.

அம்மா கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டாள். "வளர்ற பிள்ளதான," என்றாள். "அடுத்த வருசம் சரியா இருக்கும்."