முனையில் நின்ற கேப்டன்

“இந்த வருஷம் முன்னாடி ஓட்டுறது நான்தான். இதுல இனிமே பேச்சே கிடையாது, அத்தான்.”

“வழி தெரியாம நடுரோட்ல நின்னவ முன்னாடி ஓட்டினா, பின்னாடி வர்றவங்க கதி என்ன? எல்லாரும் போய் ஏதாவது ஆத்துல விழணும்.”

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு இது காதில் விழுந்தபோது, சண்டை ஏற்கெனவே பாதி தாண்டியிருந்தது. முதல் பாதியைக் கோட்டைவிட்டதில் எனக்கு வருத்தம்தான். மீதியையாவது விடக் கூடாது என்று, காய்ந்த துணியையே மறுபடி மறுபடி உதறிப் போட்டேன்.

கீழே டிரைவிங் ஸ்கூல் முற்றத்தில், அதை நடத்தும் கேப்டன் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். கப்பலிலோ பட்டாளத்திலோ அவர் கேப்டனாக இருந்ததாக யாருக்கும் தகவல் இல்லை. தனக்குத் தானே வைத்துக்கொண்ட பேர். எதிரே அவர் மனைவியின் தங்கை. எதிர்வரிசையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். இரண்டு பேருக்கும் நடுவே அக்காக்காரி, கையில் டீத் தட்டோடு, யாருக்கு முதலில் நீட்டுவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சண்டை பைக் பயணத்தைப் பற்றி. வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் பைக் வைத்திருக்கிறவர்கள் கூட்டமாகக் கிளம்பி, இரண்டு நாள் ஓட்டிப் போய், தொலைதூர ஊர் ஒன்றில் இருக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடை கொடுத்துவிட்டு வருவார்கள். நடக்க முடியாத பிள்ளைகள் பிடித்துக்கொண்டு நடை பழகும் சட்டங்கள்தான் நன்கொடை. யோசனை கண்ணாடிக் கடைக்காரியுடையது. சின்ன வயதில் கால் விளங்காமல் அதே வார்டில் கிடந்தவள் அவள். அங்கே இருந்த பெரிய நர்ஸ்தான் அவளை மிரட்டி, கொஞ்சி, நடக்க வைத்தது. இன்றைக்கும் நடையில் லேசான இழுப்பு உண்டு. பைக்கில் ஏறிவிட்டால் எந்தக் கால் என்று நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

யோசனை அவளுடையது, சட்டதிட்டமெல்லாம் கேப்டனுடையது. போகிற வழி முன்னால் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான் தெரியும். எல்லோருடைய போனும் அவர் பையில் இருக்கும். திருப்பம் வந்தால் அவர் விரலை நீட்டுவார். அவருக்கு அடுத்து வருகிறவர் அந்த முனையில் வண்டியை நிறுத்தி, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கைகாட்ட வேண்டும். கடைசி வண்டிக்குப் பேர் வால். வால் வந்து சேர்ந்த பிறகுதான் முனையில் நின்றவர் கிளம்பலாம். “அதுவரைக்கும் பெத்த அப்பன் வந்து கூப்பிட்டாலும் நகரக் கூடாது” என்று வருஷா வருஷம் கிளம்புமுன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்.

போன வருஷம் மருத்துவமனைக்கு முந்தின கடைசித் திருப்பத்தில், பூட்டிக் கிடந்த ஒரு டயர் கடை முன்னால், கேப்டன் விரலை நீட்டினார். மச்சினி நின்றாள். எல்லா வண்டியும் அவளைக் கடந்து போனது. வால் மட்டும் வரவில்லை. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. தெருவிளக்கு போடும்வரை கையை மடக்காமல் நின்றுவிட்டு, ஒரு லாரிக்காரரிடம் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சட்டங்களைக் கேப்டனே தன் கையால் கொடுத்து, பத்திரிகைக்காரரைப் பார்த்துச் சிரித்து, போட்டோவும் எடுத்தாயிற்று. பெரிய நர்ஸுக்கு அன்றைக்குத்தான் வேலையில் கடைசி நாள். அவளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருந்த அந்த அம்மாவிடம், “அவ எங்கயோ வழி தவறிட்டா, இனிமே எங்க வரப் போறா” என்று கேப்டன் சொல்லியிருக்கிறார். அம்மா மகன் வீட்டுக்கு ரயிலேறிப் போனார். போன இடத்திலேயே சில மாதத்தில் காலமாகிவிட்டார்.

இதையும் ஒரு நகைச்சுவையாக்கி, போகிற விருந்திலெல்லாம் கேப்டன் பரிமாறிக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவளுக்கு வழி தெரியவில்லையாம். தெருப் பிள்ளைகள் அவளுக்குக் ‘கைகாட்டி’ என்று பேர் வைத்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. அப்போதே கேப்டன் உஷாராகியிருக்க வேண்டும்.

வால் யார் என்று சொல்லவில்லையே. பேக்கரிக்காரர். நல்ல மனுஷர், பயந்த சுபாவம். ஆறு மாதத்துக்கு முன்னால் கண் பரிசோதனைக்குப் போனவரைத் தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, விளக்கைக் கண்ணுக்குள் அடித்து, அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, போன வருஷம் எந்த வழியாக வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்த நிலைமையில் யாரால் பொய் சொல்ல முடியும்? பைபாஸில் திரும்பிவிடு, முனையில் நிற்கிறவளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கேப்டன் சொன்னதை அவர் அப்படியே கக்கிவிட்டார். கண்ணாடியை வாங்காமலே எழுந்து ஓடினார் என்று கேள்வி. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவள் கடை வாசலில் உட்கார நல்ல பெஞ்சு இருக்கிறது.

முற்றத்துச் சண்டையைக் கடைசியில் அக்காதான் தீர்த்துவைத்தாள். ஒரே ஒரு தடவை அவள் முன்னால் போகட்டும், தப்புப் பண்ணினால் திருத்த நீங்கள் பக்கத்திலேயே போங்கள் என்றாள். கேப்டனும் பெரிய மனசு பண்ணி, தான் இரண்டாவதாக வருவதாக ஒப்புக்கொண்டார். மாடியில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் போட்ட சட்டப்படி இரண்டாவதாக வருகிறவர்தானே முனையில் நிற்க வேண்டும்? இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட நின்றறியாதவருக்கு அது உறைக்கவே இல்லை.

இந்த வருஷம் சாமான் வேன் முன்கூட்டியே போகாமல் வாலுக்குப் பின்னால் வர ஏற்பாடு. அதில் அக்காவும் நானும். பிள்ளைகளுக்குச் சேவை செய்யத்தான் போனேன் என்று சொன்னால் தெருவில் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

முதல் நாள் முழுக்கத் திருப்பத்துக்குத் திருப்பம் அவள் விரல் நீண்டது, கேப்டன் நின்றார். நின்றவர் அடுத்துக் கடைசியிலேயே வந்திருக்கலாம். கடைசியில் வருவது கேப்டனுக்கு அழகா? எல்லோரையும் முந்திக்கொண்டு மறுபடி இரண்டாவது இடத்துக்குப் பறப்பார். பறந்து போய்ச் சேர்ந்ததும் அடுத்த திருப்பம் வரும். சாப்பிட நிறுத்திய இடத்தில் முகமெல்லாம் புழுதி. வெயில் ஜாஸ்தி என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அந்த டயர் கடை முனை. அவள் விரலை நீட்டினாள், அவர் நின்றார். வண்டிகள் கடந்து போயின. நாங்கள் அங்கே போகவில்லை. அதற்கு முன்னாலேயே பேக்கரிக்காரர் இடதுபக்கம் ஒடித்து பைபாஸில் ஏறினார்; வேனும் ஏறியது. ஏன் இந்தப் பக்கம் என்று அக்கா கேட்டாள். வால் போகிற வழியில் போகத்தான் எனக்கு உத்தரவு என்றார் டிரைவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மேம்பாலத்தின்மேல் போகும்போது கீழே அந்த முனை தெரிந்தது. ஒரு ஆள் வெயிலில் கையை நீட்டிக்கொண்டு, போகிற வருகிற லாரிக்கெல்லாம் வழி காட்டிக்கொண்டிருந்தார்.

“அது நம்ம வீட்டுக்காரர் மாதிரி இல்ல?” என்றாள் அக்கா.

மாதிரிதான் இருக்கிறது என்றேன்.

மருத்துவமனைக் கூடத்தில் சட்டங்களை இறக்கி வரிசையாக வைத்தார்கள். ஆரம்பிக்கலாமா என்று புது நர்ஸ் கேட்டதற்கு, இன்னும் ஒருத்தர் வர வேண்டும் என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. இருட்டும்வரை காத்திருக்க வேண்டுமோ என்று நான் நினைத்தேன். எனக்குக் கொடுத்த டீ ஆறக்கூட இல்லை, கேப்டன் வந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றாமலே கத்தினார்.

“வாலை பைபாஸ்ல திருப்பிவிட்டுட்டு என்னை மொட்டை வெயில்ல நிக்க வச்சிருக்கே. இது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

அவள் ஒரு சட்டத்தின் திருகைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வால் வண்டி பஞ்சர் ஆயிருக்கலாம். வேன் மக்கர் பண்ணியிருக்கலாம். பைபாஸ்னு எப்படி அத்தான் அவ்வளவு சரியாச் சொல்றீங்க?”

கேப்டன் அவளைப் பார்க்கவில்லை. நேராகப் பேக்கரிக்காரரைப் பார்த்தார்.

“டேய், சொல்லிட்டியா?”

அவ்வளவுதான். சொல்ல இனி யாருக்கும் எதுவும் மிச்சமில்லை. போன வருஷம் அவளைக் கடந்து போனவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தலைக்கவசத்துக்குள் கேப்டனின் முகம் எப்படிப் போயிற்று என்று பார்க்க முடியாதது ஒன்றுதான் எனக்குக் குறை.

“நான் வழி தவறிட்டேன்னு நம்பிக்கிட்டே அவங்க ரயிலேறினாங்க” என்றாள் அவள், குரல் உயராமல். “நான் விளக்குப் போடுற வரைக்கும் நின்னேன். நீங்களும் போய் நில்லுங்க. விளக்குப் போட்டதும் வந்து சாப்பிடுங்க.”

கேப்டன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எந்தச் சண்டையிலும் கடைசியில் தட்டு அவர் பக்கம்தான் நீளும்.

“போய் நில்லுங்க” என்றாள் அக்கா.

அவர் போனார். நின்றாரா, நேரே வீட்டுக்கு ஓட்டினாரா என்பதில் எங்கள் தெரு இன்றுவரை இரண்டு கட்சி. நாங்கள் திரும்பியபோது வீட்டில் இருந்தார், யாரிடமும் பேசவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு ‘கைகாட்டி’ என்ற பேரை இடம் மாற்ற ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் பைக்கை எடுத்தாலே இரண்டு கைகள் நீளும், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அக்கா அழுதுகொண்டே தங்கையிடம் போனாள். என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே, கூட்டத்தில் வைத்து என் வாயாலேயே அவரைப் போகச் சொல்ல வைத்துவிட்டாயே என்றாளாம். தனியாகச் சொன்னால் நீ நம்பியிருப்பாயா அக்கா என்று இவள் கேட்டாளாம். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கேப்டன் டிரைவிங் ஸ்கூலை விற்றுவிட்டு, தம்பி இருக்கும் ஊருக்குக் குடிபோனார். அக்கா கொஞ்ச நாள் கழித்துப் பின்னாலேயே போனாள். பேக்கரிக்காரர், உண்மையைச் சொன்ன தைரியத்தில், கண்ணாடிக் கடைக்காரியைக் கட்டிக்கொள்ளலாம் என்று கனவு கண்டார்; அவள் அவரையும் மன்னிக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் பாடம் நடத்திய பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவள் சொல்கிற இடத்தில் திரும்பி நிம்மதியாக இருக்கிறார். கண்ணாடிக் கடைக்காரி கடையை அந்த மருத்துவமனை ஊருக்கே மாற்றிக்கொண்டாள். சாமான் ஏற்றிப் போன வேன் டிரைவர் அப்புறம் திரும்பவே இல்லை. போன மாதம் இரண்டு பேருக்கும் பதிவுத் திருமணம். எனக்கே மூன்றாம் மனுஷி சொல்லித்தான் தெரிந்தது, பாருங்கள். அக்காவுக்குத் தகவல் அனுப்பினாயா என்று போனில் கேட்டேன். அனுப்பினாளாம். அக்கா வரவில்லை. இரட்டைக் கட்டில் போர்வை ஒன்று பார்சலில் வந்ததாம், கூட ஒரு வார்த்தை இல்லாமல்.