பங்கருக்குள் கிடந்த கிற்றார்

ஐயாத்துரைக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. அரைப் பாட்டுக்கூடத் தெரியாது. ஆனால் கிற்றார் சேர்க்கிற பைத்தியம் மட்டும் தலைக்கேறிக் கிடந்தது. இடம்பெயர்ந்து ஸ்கந்தபுரத்துக்கு வந்த சனம், இனித் தூக்கித் திரிய ஏலாது என்று விட்டதெல்லாம் அவரிடம் வந்து சேர்ந்தது. கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துப் பூட்டுவார். வீட்டுக் கூரை ஒழுகும் என்று எல்லாவற்றையும் உரப்பையில் சுற்றி, குண்டுவீச்சுக்குப் பதுங்க முற்றத்தில் வெட்டியிருந்த பங்கருக்குள் தொங்கவிட்டிருந்தார்.

"கிபிர் குண்டுக்குத் தப்பினாலும் உங்கட கிற்றார் குத்தித்தான் நாங்கள் சாகப்போறம்" என்று மனைவி விமலேஸ்வரி பொரிந்து தள்ளுவாள். கேட்டால்தானே!

அவற்றில் ஒன்று மட்டும் அவருடையதல்ல. அது மலேரியாவில் செத்துப்போன சுஜிதனுடையது. "இதைப் பாக்கப் பாக்க நெஞ்சு வெடிக்குது அண்ணை, கொஞ்சக் காலம் வைச்சிருங்கோ" என்று அவனுடைய தாய் சிவனேஸ்வரி கொடுத்துவிட்டு, முல்லைத்தீவில் தமையன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆகா, என்ன கிற்றார் அது! தேன் நிறம், ஒரு கீறல் இல்லை. நாளாக ஆக, அது தன்னுடையதுதான் என்றே ஐயாத்துரைக்குப் பட்டுவிட்டது.

ஒரு வருசம் கழித்து, விமலேஸ்வரி பிள்ளைகளோடு கோயிலுக்குப் போயிருந்த நேரம், சிவனேஸ்வரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வேலிப் படலைக்குள் வந்தாள்.

"சுஜியின்ர கிற்றாரைக் கொண்டுபோவம் எண்டு வந்தனான் அண்ணை. இப்ப பாக்கலாம் போல கிடக்கு."

"அதை ஏன் கேக்கிறாய் தங்கச்சி... கறையான் அரிச்சுப் போட்டுது."

நாக்குக் கூசாமல் வந்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "நீங்கள் என்ன செய்வியள், பரவாயில்லை" என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள். பாவி மனுசன் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கக்கூடாதா!

அந்த நேரம் பார்த்து வானத்தில் கிபிர் விமானம் இரைந்தது. சிவனேஸ்வரி பங்கரை நோக்கி ஓடினாள். ஐயாத்துரை முந்திக்கொண்டு ஓடி, வாசலில் கையை விரித்து மறித்தார்.

"உள்ள போகாதை! பாம்பு கிடக்கு!"

இருவரும் மாமரத்தடியில் குப்புற விழுந்தார்கள். குண்டு குளத்துப் பக்கம் விழுந்தது. மண் வந்து முதுகில் கொட்டியது. "முருகா, முருகா" என்று பக்கத்தில் அவள் நடுங்குவது அவருக்குக் கேட்டது. ஒரு குண்டுத் துண்டு இந்தப் பக்கம் வந்திருந்தால்? சீ, நானும் ஒரு மனுசனா என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

இரைச்சல் அடங்கியதும் அவள் எழுந்து, வேலியோரம் கிடந்த பொல்லை எடுத்தாள்.

"வாங்கோ அண்ணை, அந்தப் பாம்பை அடிச்சுப் போட்டுத்தான் நான் போவன். விமலாக்காவும் பிள்ளையளும் ஓடிவந்து இறங்கிற இடம்."

ஐயாத்துரையால் அதற்கு மேல் ஏலவில்லை.

"இறங்காதை தங்கச்சி. பாம்பில்லை. சுஜியின்ர கிற்றார்தான் கிடக்கு."

அவரே இறங்கி எடுத்துவந்து கொடுத்தார். அவள் உரப்பையைப் பிரித்து ஒருமுறை தடவிப் பார்த்தாள். சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினாள். முதுகு மண்ணைத் தட்டவில்லை. படலையடியில் நின்று, திரும்பிப் பாராமல் சொன்னாள்.

"கிற்றாருக்கு இடம் இருந்திருக்கு அண்ணை. எனக்குத்தான் இல்லை."