விளம்பரம் வராத சேனல்

நாய் அசையவில்லை, கேட்டுக்கு நேராக, ஒரு காதை மடித்துக்கொண்டு சிமெண்ட் தரையில் கிடக்கிறது, சாய்ந்த வெயில் கேட் கம்பிகளின் நிழலை அதன் முதுகில் வரிவரியாகப் போட்டிருக்கிறது, கேட்டின் ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது, யாரும் இல்லை, யாரும் இல்லாத அந்தப் படத்தைத்தான் நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அப்பா நாற்காலியில், அம்மா தரையில் கொத்தவரங்காய் முறத்தோடு, அக்கா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு, நான் சமையலறை வாசலில் சாய்ந்தபடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குடியிருப்பின் மற்ற எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே பாட்டுப் போட்டியின் கைதட்டல் ஒரே நேரத்தில் எழுகிறது, எங்கள் டி.வி. மட்டும் ஊமை, இன்னிக்கு சாயங்காலம் வரேன், சுகந்திய ரெடியா இருக்கச் சொல்லுங்க என்று அக்காவின் புருஷன் பரந்தாமன் காலையிலேயே போனில் சொல்லிவிட்டான், வந்தால் இந்தக் கேட் வழியாகத்தான் வரவேண்டும், அனுப்புவதா வேண்டாமா என்று அப்பா இன்னும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, நாய் அசையவில்லை.

ரிமோட்டில் ஏ.வி. என்று ஒரு பட்டன் உண்டு, அதை அழுத்தினால் கேட் வரும், பழைய செக்ரட்டரி திருட்டுப் பயத்தில் கேட்டுக்கு மேலே ஒரு கேமரா மாட்டி, வாட்ச்மேன் அறையில் ஒரு பெட்டி வைத்து, அதிலிருந்து எல்லா வீட்டு டி.வி.க்கும் ஒயர் இழுத்துக் கொடுத்தார், பிறகு அவரே வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார், வாட்ச்மேன் ஏழுமலை நாய்க்கு செக்ரட்டரி என்று பேர் வைத்தார், படுத்த எடத்துலயே இருந்துக்கினு எல்லாரையும் பாத்துக் கொலைக்குது, வேற என்னா பேரு வெக்கச் சொல்ற என்றார், வருஷக்கணக்காக எந்த வீட்டிலும் யாரும் அந்தப் பட்டனைத் தொட்டதில்லை, நாங்களும்தான், ஞாயிறு சாயங்காலம் அப்பாவுடையது, பிரஸ்ஸில் மெஷின் இரைச்சலுக்குள்ளேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முதலில் பட்டிமன்றம், பிறகு பாட்டுப் போட்டி, பிறகு எல்லோருக்கும் வசனம் மனப்பாடமான படம், இதே படத்த எத்தினி தடவடா போடுவானுங்க என்று திட்டிக்கொண்டே கடைசிவரை பார்ப்பார், அது ஓடும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது, விளம்பரம் வந்தால் பேசலாம், ஆகவே எங்கள் வீட்டில் எல்லா முடிவும் விளம்பரத்தில்தான் எடுக்கப்பட்டது, நான் காலேஜை விட்டது ஒரு சோப்பு விளம்பரத்தில் தீர்ந்தது, இனிமே போ மாட்டியா, மாட்டேன், அப்ப வேலைக்குப் போ, அவ்வளவுதான், படம் வந்துவிட்டது, அக்காவின் கல்யாணம் ஒரு நகைக்கடை விளம்பரத்தில், ஜாதகம் பொருந்துதாம், பையன் சொந்தமா ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கானாம், நீ என்னம்மா சொல்ற என்றார் அப்பா, அக்கா வாயைத் திறந்தாள், அதற்குள் மேடையில் நடுவர் அழ ஆரம்பித்துவிட்டார், அப்பா கையை உயர்த்தி உஷ் என்றார், அக்கா வாயை மூடிக்கொண்டாள், அந்த உஷ்ஷோடு கல்யாணம் நிச்சயமாயிற்று.

பரந்தாமன் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, வெளியே போகும்போது கதவை வெளியில் பூட்டிக்கொண்டு போனான், ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் பூட்டினான், பக்கத்துக் கடைக்குப் போனாலும் பூட்டினான், ஞாயிறு சாயங்காலம் சிநேகிதர்களோடு போகும்போது டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டு, பாத்துக்கினு இரு, நல்ல புரோக்ராம்தான் என்று சொல்லிவிட்டுப் பூட்டினான், அக்கா போனில் அம்மாவிடம் சொன்னாள், அம்மா ஒரு விளம்பரத்தில் அப்பாவிடம் சொன்னாள், பத்திரமா இருக்கட்டும்னு பூட்டிட்டுப் போறாரு, அதுக்கு ஒரு பஞ்சாயத்தா என்றார் அப்பா, விளம்பரம் முடிந்தது, நான் அங்கேதான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை, ராத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன், ஏ.டி.எம். கேமராக்களைப் பார்க்கும் வேலை, ஒரு சுவர் முழுக்கத் திரைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கூண்டு, கூண்டுக்குள் யாரும் இல்லை, ஒன்றும் நடக்காததைப் பார்ப்பதற்குச் சம்பளம், படத்தைப் பார்க்காதே, மூலையில் விநாடி ஓடுகிறதா என்று பார், விநாடி நின்றால் நீ பார்ப்பது படமே இல்லை, செத்த படம் என்று முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்தார், விடியும்போது கண் எரியும், தூக்கத்தில் அந்தக் கூண்டுகளில் ஒன்றில் அக்கா உட்கார்ந்திருப்பாள், எதிரில் டி.வி., நான் மைக்கில் கூப்பிடுவேன், கதவைத் தள்ளு, தள்ளினால் திறக்கும் என்பேன், அவளுக்குக் கேட்காது, கைதட்டல் சத்தம், அந்த வேலையையும் விட்டேன், காரணம் கேட்டவர்களுக்குக் கண் வலி என்றேன்.

சமையல் கேஸ் போட வந்தவனிடம் ஜன்னல் வழியாகச் சொல்லி, வீட்டுக்காரம்மாவிடம் இருந்த மாற்றுச் சாவியை வரவழைத்து அக்கா வெளியே வந்தாள், ஒரு பையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான், சாயங்காலம் பாட்டுப் போட்டி தொடங்கிக் கைதட்டல் எழுந்ததும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது, ரிமோட்டைப் பிடுங்கிக் கண்டபடி அழுத்தினாள், சத்தம் நின்றது, திரையில் கேட் வந்தது, செக்ரட்டரி படுத்திருந்தது, யாரோ கேட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்கள், யாரோ உள்ளே வந்தார்கள், இதுவே இருக்கட்டும் என்றாள் அக்கா, என்னா எழவு இது என்றார் அப்பா, ஆனால் மாற்றவில்லை, மேலேயிருந்து பார்த்தால் எல்லோரும் உச்சந்தலைதான், முகம் கிடையாது, நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவேண்டும், மூன்றாம் மாடி சம்பந்தம் கேட் ஓரம் சிகரெட் பிடித்துவிட்டு, மிட்டாய் ஒன்றை வாயில் போட்டு, உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, மறுபடி முகர்ந்து பார்த்துவிட்டு மாடியேறுவார், அய்யோ, பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கான் பாரு என்றார் அப்பா, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுப் பெண்கள் கேட்டில் எதிர்ப்பட்டு ஒருத்தி பையை இன்னொருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டே கடந்தார்கள், அப்பா இருவருக்கும் குரல் கொடுத்தார், என்னாடி வெறும் முருங்கக்காயா, ஒங்க வீட்ல அதுவும் இல்லியேடி, அக்கா சிரித்தாள், அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், அதற்கப்புறம் ஞாயிறு சாயங்காலமென்றால் எங்களுக்குக் கேட்தான், ஒரே ஒரு குறை, அந்தச் சேனலில் விளம்பரம் வராது, விளம்பரம் வராததால் பேசவேண்டியதைப் பேசவே முடியவில்லை, சுகந்தி விஷயம் என்னன்னு ஒரு முடிவு சொல்லுங்களேன் என்று அம்மா ஆரம்பிப்பாள், பாக்கவிடேன் என்பார் அப்பா, அக்கா அசையாமல் கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இப்படியே ஞாயிறுகள் போயின, அப்புறம்தான் இன்று காலையில் அந்த போன்.

நாய் அசையவில்லை, இவன் இன்னிக்கு வரமாட்டான் போல என்கிறார் அப்பா, அவர் குரலில் ஒரு நிம்மதி, அம்மா எழுந்து லைட்டைப் போடுகிறாள், வெளக்கு வெச்சாச்சு, இன்னுமா வரப்போறாரு என்கிறாள், ஜன்னல் கறுத்துவிட்டது, அக்கா கட்டிய முழங்காலை மெல்ல விடுகிறாள், காலை நீட்டுகிறாள், அப்போது வீட்டுக் கதவு தட்டப்படுகிறது, அப்பா கதவைப் பார்க்கவில்லை, டி.வி.யைப் பார்க்கிறார், கேட்ல யாரும் வரலியே என்கிறார், மறுபடி தட்டுகிறார்கள், நான் ஜன்னலைப் பார்த்தேன், இருட்டு, டி.வி.யைப் பார்த்தேன், நாயின் முதுகில் வெயில், மூலையைப் பார்த்தேன், விநாடி நின்றிருந்தது, எப்போதோ நின்றிருக்கிறது, செத்த படத்தைக் காவல் வைத்துவிட்டு நான்கு பேரும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம், மூன்றாவது முறை தட்டியபோது அம்மாதான் போய்த் திறந்தாள்.

பரந்தாமன் ஸ்வீட் பாக்ஸை அம்மாவிடம் கொடுத்தான், நல்லாருக்கீங்களா அத்த, என்ன மச்சான், வேலைய உட்டுட்டியாமே என்றான், அப்பாவுக்குப் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துச் சிரித்தான், என்ன மாமா, கேபிளுக்குக் காசு கட்டலியா, நாயப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கீங்க, ரிமோட்டை எடுத்தான், பாட்டுப் போட்டியை வைத்தான், சத்தத்தை ஏற்றினான், ரிமோட்டைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான், அக்காவின் பக்கம் திரும்பாமல், கெளம்பு சுகந்தி, இது முடிஞ்சதும் போலாம் என்றான், புரோக்ராம் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு சின்னப் பெண் பட்டுப்பாவாடையில் பாடிக்கொண்டிருந்தாள், அவள் அம்மாவைக் காட்டினார்கள், நடுவரைக் காட்டினார்கள், அக்கா மறுபடி முழங்காலைக் கட்டிக்கொண்டாள், விரல்கள் வெளுத்திருந்தன, விளம்பரம் வரப்போகிறது, வந்தால் அப்பா சொல்லப்போகிறார், போய்ட்டு வாம்மா என்பார், வேறு என்ன சொல்லியிருக்கிறார் எப்போதாவது, விளம்பரம் வந்தது.

மாப்ள, வீட்டுக்கு எத்தினி சாவி என்றார் அப்பா, என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான் மாமா, ஏன் என்றான் அவன், இன்னொண்ணு வெட்டி சுகந்தி கையில குடுத்துடுங்க, கூட்டிட்டுப் போங்க என்றார், அவன் சிரித்தான், உண்மையாகவே சிரிப்பு வந்துதான் சிரித்தான், அவளுக்கு எதுக்கு மாமா சாவி, அவ எங்க போவப்போறா, விளம்பரம் முடிந்து கைதட்டல் எழுந்தது, அப்பாவின் கை உயர்ந்தது, உஷ்தான் என்று நினைத்தேன், கை கீழே இறங்கி, கொஞ்சம் எழுந்துக்குங்க மாப்ள என்று அவன் தொடைக்கு அடியிலிருந்து ரிமோட்டை உருவியது, சத்தத்தை நிறுத்தியது, திரையில் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், அப்பா அதைப் பார்க்காமல் அக்காவைப் பார்க்கிறார், நீ என்னம்மா சொல்ற என்கிறார், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார், புரோக்ராம் ஓடுகிறது, காத்திருக்கிறார், சாவி குடுத்தாலும் நான் வரலப்பா என்றாள் அக்கா, அம்மாவின் கை பட்டு முறத்திலிருந்து கொத்தவரங்காய் சிதறியது.

ரெண்டே நாள்ல தானா வருவ என்றான் பரந்தாமன், எழுந்தான், ஸ்வீட் பாக்ஸைத் திரும்ப எடுத்துக்கொண்டான், கதவை அறைந்து சாத்தினான், அதற்குப் பிறகு வெளியில் ஒரு சத்தம், தாழ்ப்பாள் இரும்பில் உரசி விழுகிற சத்தம், எங்களுக்கு அது என்னவென்று உடனே புரியவில்லை, அக்காவுக்குப் புரிந்தது, பூட்டிட்டான் என்றாள், அப்பா போய்க் கதவை இழுத்தார், வரவில்லை, மறுபடி இழுத்தார், டேய் என்று கத்தினார், தட்டினார், இரண்டு கையாலும் தட்டினார், எதிர்வீட்டிலும் கீழ்வீட்டிலும் கைதட்டல், யாருக்கும் கேட்காது, நான் பழக்கதோஷத்தில் ஏ.வி.யை அழுத்தினேன், போய்விட்டானா என்று பார்க்க, வெயிலில் நாய் படுத்திருந்தது, இறங்கிப் போயிருக்கலாம், கதவுக்கு அந்தப் பக்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, வயசானவரைப் போல முதல்முறையாகத் தெரிந்தார், தட்டாதீங்கப்பா, கைதான் வலிக்கும் என்றாள் அக்கா, குரலில் பதற்றமே இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது, உள்ள இருந்து தட்டினா டி.வி. சத்தத்துல யாருக்கும் கேக்காது, தெருப்பக்கம் யாராச்சும் நிப்பாங்க, பால்கனிக்குப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுடா என்றாள் என்னிடம், பேர் சொல்லணும், சும்மா கத்துனா திரும்ப மாட்டாங்க, கீழே கேட் ஓரம் ஒரு சிகரெட் நெருப்பு தெரிந்தது, சம்பந்தம் சார் என்றேன், நெருப்பு உடனே மறைந்தது, சார், நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், மேல வந்து எங்க கதவத் தெறங்க என்றேன்.

அவர் வந்து தாழ்ப்பாளை நீக்கினார், யாருப்பா போட்டது இத என்று கேட்டுக்கொண்டே உள்ளங்கையை முகர்ந்தார், அப்பா வாசலில் நின்று அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார், முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார், திரும்பி அக்காவைப் பார்த்தார், நான் கீழே போனேன், உங்க மாமா அப்பவே வண்டிய எடுத்துக்கினு போயிட்டாருப்பா, கேட்டக்கூட சாத்தல என்றார் ஏழுமலை, அவர் அறையில் அந்தப் பெட்டியை அணைத்துப் போட்டேன், சின்ன விளக்கு சிவந்து பச்சையானது, வெளியே வந்தபோது அக்கா படியிறங்கி வந்துகொண்டிருந்தாள், அம்மாவின் செருப்பைப் போட்டிருந்தாள், எங்கக்கா என்றேன், எங்கயும் இல்ல, சும்மா, நீ மேல போய் டி.வி. பாரு என்றாள்.

மேலே போனேன், மூலையில் விநாடி ஓடுகிறதா என்று முதலில் பார்த்தேன், ஓடுகிறது, வெயில் இல்லை, தெருவிளக்கின் வெளிச்சம், கேட்டுக்கு நேராக நாய், படத்தின் கீழ் ஓரத்திலிருந்து அக்காவின் உச்சந்தலை வருகிறது, அவள் நிழல் மேலே விழுந்ததும் செக்ரட்டரி எழுந்து, உடம்பை உதறி, அவள் பின்னாலேயே நடந்து தெருவுக்குப் போய்ப் படத்தைவிட்டு மறைகிறது, ஒரு கதவு பாதி திறந்திருக்கிறது, யாரும் இல்லை, அப்பா எழுந்து போய் வீட்டுக் கதவை அகலத் திறந்து, சாத்திக்கொள்ளாதபடி நாற்காலியை அதற்கு முட்டுக்கொடுத்துவிட்டு வந்து தரையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், தனியா போயிருக்காளே என்று அம்மா பேச ஆரம்பித்துவிட்டு வழக்கம்போல அவர் கையைப் பார்த்தாள், கை உயரவில்லை, சொல்லு என்றார், அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, கேட் வெறுமையாக இருந்தது, விநாடி ஓடியது.