கொக்குப்பாறைச் செடிகள்

அப்பாவின் விரல்களைப் பிரித்து ஜெபமாலையைச் சுற்றும்போதுதான் ரெஜிஷா அந்த நகங்களைப் பார்த்தாள். பத்திலும் கருமண். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, கழுவி அனுப்பிய உடல். நகத்துக்குள் யாரும் பார்க்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டின் முன்னால் பந்தலில் சிப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிப்பி எடுக்க முங்கப் போன அப்பாவை, மரியானை, அலை தூக்கிப் பாறையில் அடித்ததாம். முப்பது வருஷம் முங்கியவனுக்கு அலை தெரியாதா என்று ஒருவர் கேட்டார். கர்த்தர் குறித்த நேரம் என்றார் உபதேசியார்.

சிப்பி எடுக்கிறவன் நகத்தில் மண் ஏறாது. இந்த மண் கொக்குப்பாறையின் உச்சியில், விரிசல்களில் மட்டும் கிடக்கிற மண்.

அம்மா ஈர்க்குச்சியோடு வந்து நகத்தைச் சுத்தம் பண்ணக் குனிந்தாள்.

"வேண்டாம். கெடக்கட்டு" என்றாள் ரெஜிஷா. குரல் அறைந்தது போல விழுந்தது. அம்மா ஈர்க்குச்சியை மடியில் செருகிக்கொண்டாள்.

கடியப்பட்டணத்துக்கு எதிரே கடலுக்குள் நிற்கிறது கொக்குப்பாறை. அங்கே ஒரு செடி உண்டு, உலகில் வேறெங்கும் கிடையாது. அதன் பங்காளி கரையின் மணல்மேட்டில் கேட்பாரற்று வளர்கிறது. இளசில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பூத்தால் பாறையில் ஊதா, கரையில் வெள்ளை. கடல் நடுவே புகுந்து பிரித்த பிறகு, எத்தனையோ ஆயிரம் வருஷம் தனக்குள்ளேயே விதைத்து வேறாகிப் போன இனம். அதைத்தான் ரெஜிஷா ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அப்பா வள்ளத்தில் கொண்டுபோவார். அவள் எண்ணுவாள். அவர் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

மூன்றாம் வருஷம் நாற்பத்தொன்று பத்தொன்பதாகி இருந்தது. கரை சேரும்வரை அவள் பேசவில்லை. கூடும் மக்கா என்றார் அப்பா. கூடத்தான் செய்தது. அடுத்த வருஷம் ஐம்பதைத் தாண்டியது. இனம் மீள்கிறது என்று அவள் எழுதினாள். கருத்தரங்கில் கைதட்டினார்கள்.

போன மாதம் மரபணு முடிவு வந்தது. கூடிய செடிகளில் முப்பது, கரைச்செடி. அதற்குள் அவை பூத்தும் விட்டன. புதிதாக முளைத்த கன்றுகள் பாதி பாறை, பாதி கரை.

போனில் கேட்டபோது அப்பா சிரித்தார். பரிசை ஒளித்து வைத்துப் பிடிபட்டவரின் சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டியா? நான்தான் மக்களே நட்டேன். மேட்டுலேருந்து எடுத்துட்டுப் போயி. ஒண்ணுகூட வாடல்ல."

ஐந்து வருஷம் என்று அவள் கத்தினாள். ஒரு இனத்தையே கொன்றுவிட்டதாகச் சொன்னாள். கடைசியில், "நட்ட கையால நீங்களே பிடுங்குங்க" என்றாள். பிடுங்கிப் பயனில்லை, கலந்தது கலந்ததுதான் என்று தெரிந்தே சொன்னாள்.

"செரி" என்றார்.

நாலு மணிக்கு அடக்கத்துக்குக் கோயில் மணி அடித்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவள் போடவில்லை. யாரிடமும் கேட்காமல் நட்டவர், அவள் சொன்ன சொல்லுக்காக யாரிடமும் கேட்காமல் போய் இப்படிக் கிடக்கிறார். குழிக்குள் இறங்கி அவரை உலுக்க வேண்டும் போலிருந்தது.

திரும்பும் வழியில் அப்பாவின் கூட்டுத் தொழிலாளி ஆன்ட்ரூஸ் மாமா அவளோடு சேர்ந்து நடந்தார்.

"அவன் சிப்பிக்குப் போவல்ல."

"தெரியும்."

"தெரியுமா? அப்பம் பந்தல்ல ஏம்ட்டி சொல்லல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல?"

"உனக்க அம்மைக்க மொகத்தப் பாத்து."

ரெஜிஷா நின்றாள். "என்னிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நட்டிருப்பாரா, மாமா? ஒரு வார்த்தை."

"நீ ஒரு வார்த்தை சொன்னியா? அஞ்சு வருஷம் கொண்டுபோனான். நோட்டப் பிடி, வெயில மறைக்காதண்ணு. வேற என்ன சொன்ன அவனிட்ட? அது வேற செடிண்ணு சொன்னியா?"

அவள் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கடல் ஏறுது, சட்டுண்ணு பிடுங்கிட்டு வாலேண்ணு வள்ளத்தில் நின்று கூவியதாகச் சொன்னார். மரியான் கேட்கவில்லையாம். சாக்கைக் கயிற்றில் இறக்கித் தந்துவிட்டு, தான் இறங்கும்போதுதான் அலை வந்ததாம்.

"சாக்கு வள்ளத்துல கெடக்கு. எடுத்துத் தூரக் களை. எனக்கு அதப் பாக்க முடியல்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

வள்ளம் மணலில் ஏற்றிக் கிடந்தது. சாக்கைக் கடலில் எறியத்தான் தூக்கினாள். பிடுங்கிய செடிகளுக்கு இவ்வளவு கனம் இருக்காது. வாயைக் கட்டியிருந்த வலைநூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

முப்பதும் இருந்தன. ஒவ்வொன்றின் வேரைச் சுற்றியும் உருண்டையாகக் கருமண், அதன்மேல் கிழிந்த வலைத்துண்டு. ஒரு வேரும் அறுந்திருக்கவில்லை. கத்தி பட்ட தடமும் இல்லை.

இலைகள் சுருண்டிருந்தன. வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் டப்பாவை எடுத்துக் கடலில் முக்கப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். உப்பு.

ஊர்க் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுக் குடங்கள். சாவு வீட்டுக்காரியைப் பார்த்ததும் முன்னால் நின்ற குளோரி தன் குடத்தை நகர்த்தி, நீ பிடி மக்கா என்றாள்.

ரெஜிஷா தலையசைத்து மறுத்தாள். தோளில் சாக்கும் கையில் டப்பாவுமாகக் கடைசிக் குடத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.